தடை போட்ட நாளும் குற்றாலத்து நாள்தான்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் இருவர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது, "சீசன் தொடங்கிட்டா?" என்பதுதான். பதில் 'ஆமாம்' என்றால் அன்றே வெளியூர் உறவுகளுக்குச் செய்தி போய்விடும். மதுரையில் வேன் பேசுவார்கள், சென்னையில் விடுப்பு எழுதிக் கொடுப்பார்கள். பாட்டி முதல் பேத்தி வரை ஏறி உட்கார, மாற்றுத்துணிப் பையும் துண்டுகளும் புளியோதரைத் தூக்கும் சீட்டுக்கு அடியில் இடம் பிடிக்கும். இப்படிக் கிளம்பிய வண்டிகளில் பல, ஊரை நெருங்கும்போது ஒரு வரிச் செய்தியைச் சந்திக்கின்றன: மெயினருவியில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை. அதைக் கேட்டதும் வண்டிக்குள் பேச்சு அடங்கிப் போகும். செலவழித்த காசு வீண், எடுத்த விடுப்பு வீண் என்று பெரியவர்கள் கணக்குப் பார்ப்பார்கள், பிள்ளைகள் முகம் வாடும். அந்த வாட்டத்துக்குக் காரணம் தண்ணீர் கூடியதோ போலீஸ் கயிறு கட்டியதோ இல்லை என்பது என் கட்சி. குற்றாலம் என்றால் குளியல் என்று மட்டும் எண்ணிக்கொண்டு கிளம்பியதில்தான் பிழை இருக்கிறது. அந்த மலையும் காற்றும் பாறையும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு புறப்படும் குடும்பத்துக்குத் தடை போட்ட நாளும் நிறைந்த நாளாகவே இருக்கும்.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடுகிறது. கடலில் சுமந்த ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலேறி, குளிர்ந்து, அந்தப் பக்கத்திலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவும் அந்த மாதங்களில் காய்ந்து கிடப்பது இதனால்தான். ஆனால் இந்த மலைச்சுவர் முழுச்சுவர் இல்லை. பாலக்காட்டில் ஒரு பெரிய இடைவெளி, தெற்கே ஆரல்வாய்மொழியில் ஒன்று, நடுவே செங்கோட்டையில் ஒன்று. ஆரியங்காவு வழியாக வரும் இந்தச் செங்கோட்டைக் கணவாயில்தான், மறுபக்கம் கொட்டித் தீராத ஈரம் காற்றோடு நுழைந்து பொடித் தூறலாக இந்தப் பக்கம் சிதறுகிறது. அதற்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சாரல். மழை என்று சொன்னால் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மழை பெய்யும், ஓயும். சாரல் வரும், போகும், வெயில் அடிக்கும்போதே முகத்தில் படும், சட்டையை நனைக்காமல் தலைமுடியில் முத்துக் கோக்கும். அருவிக்கு உயிர் கொடுப்பது மலைமேல் இறங்கும் அதே ஈரம்தான். கணவாயின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம் வழியாக வரும்போது காற்றாலைகள் நிற்கின்றன. எங்கெங்கே மலையில் இடைவெளி உண்டோ அங்கங்கே அதற்கு நேரே காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். மின்சாரம் எடுக்கும் காற்றும் அருவிக்கு நீர் சேர்க்கும் காற்றும் ஒன்றுதான்.

உடம்பால் உணர வேண்டுமென்றால் தென்காசிக் கோயிலுக்குப் போக வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயில் அது. ராஜகோபுரத்துக்குள் காலடி வைக்கும்போது மேற்கிலிருந்து வரும் காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளும். இன்னும் சில அடி உள்ளே போனால் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து உள்ளே அழைக்கும். சீசன் காலத்தில் இதை அனுபவிக்காமல் அந்த வாசலைக் கடக்க முடியாது. கட்டியவர்களின் கணக்கா, இடத்தின் இயல்பா என்று பிரித்துச் சொல்ல நான் முயலவில்லை. கணவாய்க் காற்றின் பாதையில் ஓங்கிய ஒரு வாசல் நிற்கிறது, அவ்வளவு தெரிந்தால் போதும். அருவிக்குப் போகும் குழந்தைக்கு அருவி எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தர இதைவிட நல்ல பாடசாலை கிடையாது. குற்றாலத்துக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போதே அருவியின் முதல் பாதியைப் பார்த்தாகிவிட்டது என்று அந்தக் குழந்தையிடம் சொல்லலாம். அது பொய்யில்லை.

இனி, சாலை. மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் திருமங்கலத்தில் பிரியும் கொல்லம் நெடுஞ்சாலைதான் வழி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏறக்குறைய 160 கிலோமீட்டர். இதில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதிலிருந்து வலது கைப்பக்கம் மலை கூடவே வரத் தொடங்குகிறது. அந்தப் பாதி வழியை ஜன்னலோரமாக உட்கார்ந்து கவனிப்பவர்கள் ஒரு பெரிய மாற்றத்தைப் பார்க்கலாம். தொடக்கத்தில் கரிசல் நிலமும் காய்ந்த கண்மாயும். ராஜபாளையத்தில் மலை அடிவாரத்து மாந்தோப்புகள். புளியங்குடியில் எலுமிச்சை: சந்தையில் குவித்து வைத்திருக்கும் மஞ்சளும் பச்சையும் சாலையில் போகிறவர்களின் மூக்கைத் தொடும். கடையநல்லூர் தாண்டினால் வயல், தென்னை, நிறைந்த குளம். மலையுச்சியில் மேகம் தங்கி நிற்பது முதலில் எங்கே தென்படுகிறது, வெயிலின் சூடு எந்த ஊரில் தணிகிறது, எந்த இடத்தில் முதல் சாரல் கண்ணாடியில் விழுகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் புத்தகத்தில் நான்கு வரியில் படித்த பருவக்காற்று அவர்கள் கண்முன்னே நடக்கும்.

இவ்வளவையும் பெரும்பாலான குடும்பங்கள் இருட்டில் கடந்துவிடுகின்றன. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறினால் விடியும்போது அருவியில் நிற்கலாம், ஒரு நாள் லாபம், ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம், வெயிலும் இல்லை, குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அதில் பொருள் இருக்கிறது, வாடகை கொடுப்பது எளிதான காரியம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஏறக்குறைய 640 கிலோமீட்டர் தூரம். இரவு முழுவதும் ஓட்டிய ஓட்டுநர், பகல் முழுவதும் கூட்டத்திலும் ஈரத்திலும் நின்று, அருவியில் குளித்து, வயிறார உண்டு, அன்றிரவே திரும்பவும் ஓட்ட வேண்டியிருக்கிறது. அருவிக் குளியல் தரும் தூக்கம் எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும், கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துவிடும். மிச்சம் பிடித்த அந்த ஒரு ராத்திரியின் விலையை அவர்தான் கண்விழித்துச் செலுத்துகிறார், அவரோடு வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் பணயம். ஓட்டுநருக்குத் தனிப் படுக்கை ஒன்று ஏற்பாடு செய்யாத பயணத்தைத் திட்டமிட்ட பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது.

அடுத்து, பாறை. பேரருவி என்னும் மெயினருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கல் எதிலும் படாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். நான்குவழிச் சாலையில் விரையும் காரின் வேகம் அது. அப்படியானால் வயதானவர்களும் சிறுவர்களும் அதன் கீழே தலையைக் கொடுத்துச் சிரித்துக்கொண்டே நிற்பது எப்படி? பதில் பாறையின் நடுவே இருக்கிறது. மேலிருந்து பாயும் நீர் நேரே தரைக்கு வருவதில்லை. வழியில் பொங்குமாங்கடல் என்று பெயர் கொண்ட ஓர் ஆழமான குழிவுக்குள் விழுந்து, தன் வேகத்தை அங்கேயே தீர்த்துக்கொண்டு, பொங்கி வழிந்துதான் கீழே இறங்குகிறது. எந்தப் பொறியாளரும் வரைந்து தராத தடுப்பு. அந்தக் குழிவுக்குக் கடல் என்று பெயர் வைத்தவர்கள் அருவியின் அடியில் நிற்க முடிவதன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்று அறிந்தே வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தடுப்புக்கும் ஓர் அளவு உண்டு. நீர் மிதமாக இருக்கும்வரை பொங்குமாங்கடல் அதை வாங்கி அடக்கித் தருகிறது. மிகுந்துவிட்டால் குழிவைத் தாண்டி எகிறி விழத் தொடங்கும். கீழே குளிக்கும் இடத்துக்கு மேலே பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது, ஊர்ப்பேச்சில் ஆர்ச். அந்த ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை என்பது நடைமுறை. கல்லும் மரக்கிளையும் நீரோடு சேர்ந்து வரக்கூடிய நேரம் அது. எனவே தடை என்பது ஓர் அதிகாரியின் மனப்போக்கில் பிறந்த உத்தரவு என்று எண்ண வேண்டாம். பாறை தன் எல்லையைக் காட்டுகிறது, காவலர்கள் அதைக் கயிறாகக் கட்டுகிறார்கள். குளிக்க முடிகிற நாள்தான் அந்த மலையின் தாராளம். குளிக்க முடியாத நாளில் அது தன் இயல்பில் இருக்கிறது.

தண்ணீர் குறைவாகத்தானே விழுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் என்ன என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் 2024 மே 17 அன்று கிடைத்தது. சீசன் தொடங்கியிராத கோடைக்காலம், அக்கினி நட்சத்திரம் முடியாத நாள். பழைய குற்றாலம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது சட்டென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. மக்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். எப்படி இப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது கடினமில்லை. குற்றாலத்து அருவிகளுக்கு நீர் தரும் மலைப்பகுதி செங்குத்தானது, சிறியது. பெரிய ஆறுகளில் மேலே பெய்த மழை கீழே வந்து சேர நாள்கணக்கில் ஆகும். இங்கே மேலே பெய்தது பாறைமேல் வழுக்கிக்கொண்டு சீக்கிரமே கீழே வந்துவிடுகிறது. உச்சியில் மேகம் உடைந்து கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். குளிப்பவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. தெளிந்திருந்த நீர் திடீரென்று செம்மண் நிறம் காட்டுவது, இலையும் சுள்ளியும் வரத் தொடங்குவது, இரைச்சல் மாறுவது, இவைதான் கிடைக்கும் அடையாளங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் துண்டைத் தேடிக்கொண்டிருக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். இதை வண்டியில் வரும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒவ்வொரு தாய் தகப்பனின் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

இத்தனை தூரம் வந்தவர்களை ஏமாற்றலாமா என்றும் சிலர் கேட்பார்கள், அந்தக் கேள்வியை இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். பேரருவியில் விழும் நீர் சிற்றாறு. அது குற்றாலத்தோடு முடிந்துபோகிற ஆறு இல்லை. வழியெங்கும் அணைக்கட்டுகளால் பிரிந்து, கால்வாய்களில் ஓடி, குளம் குளமாக நிரப்பி, வயல்களில் பாய்ந்து, எஞ்சியதைக் கொண்டுபோய்ச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்க்கிறது. மானூர்ப் பெரியகுளம் போன்ற கடைக்கோடிக் குளங்கள் சிற்றாற்று நீருக்காகக் காத்துக் கிடப்பவை. அந்த வட்டாரத்தில் ஆனி ஆடியில் நடக்கும் கார் சாகுபடிக்குச் சாரலே தொடக்கம், அடுத்து வரும் பிசானப் பருவச் சாகுபடிக்கு வடகிழக்குப் பருவமழை. அருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டும் நாளில்தான் மதகு திறக்கும், மடை நனையும். வெளியூர்க்காரர் 'குளிக்கத் தடை' என்று படித்துச் சோரும் அதே செய்தியைக் கீழ்ப்பாசனத்து விவசாயி 'ஆற்றில் தண்ணீர் வருகிறது' என்று படிக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் என்ற சொல் நாக்கில் அவ்வளவு எளிதாக வராது. நாம் நின்று குளிக்கும் இடம் அந்த ஆற்றின் நீண்ட வேலையில் ஒரு சிறு நிறுத்தம்.

சோப்பும் ஷாம்பும் கூடாது என்ற கட்டுப்பாட்டின் நியாயமும் இங்கேதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. அருவிக் குளியல் என்றால் உச்சிமுதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து நிற்பதுதான் என்று பழகிய தலைமுறைக்கு அது மனக்குறைதான். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நடந்த வழக்கத்தை நிறுத்துவதா என்று கேட்டார்கள். வழக்கம் தொடங்கிய காலத்தில் வந்தவர்கள் எத்தனை பேர், இன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் விடை கிடைக்கும். சில பேர் தேய்த்த எண்ணெயை ஆறு தாங்கும். ஆயிரக்கணக்கானவர்களின் எண்ணெயும் பாக்கெட் ஷாம்பும் பாறையை வழுக்கலாக்கி, நேரே வாய்க்காலில் போய் நெல்லின் வேரில் சேரும். மூலிகைகளைத் தொட்டு வரும் நீர் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை அந்த மண்ணில் ஆழமானது, அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மூலிகை நீர் என்று நம்புகிறவர் அதில் ரசாயன நுரையைக் கலக்க முடியாது என்பதை மட்டும் சொல்வேன். நம்பிக்கையும் நீதிமன்றமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

தடைக்கு ஒரு மாற்றுவழி என்று சிலர் காட்டுவது தனியார் விடுதிகளின் செயற்கை அருவி. கட்டணம் கட்டினால் கூட்டம் இல்லாமல், தடை இல்லாமல், குடும்பத்தோடு குளிக்கலாம் என்கிறார்கள். பெண்கள் நிம்மதியாகக் குளிக்கலாம் என்பதும் அவர்கள் சொல்லும் காரணம். கடைசிக் காரணத்தை நான் மதிக்கிறேன். பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி இருந்தும் கூட்ட நாளில் அங்கே நெரிசலும் உடைமாற்றும் இடத்துக்கான அலைச்சலும் பெரிய தொல்லை. அதைச் சரிசெய்ய வேண்டியது அருவிக்கரையில், நீரைத் திருப்பிக் கொண்டுபோய் இல்லை. இயற்கை ஓடைகளின் நீரை மடக்கித் தனியார் செயற்கை அருவிகள் உண்டாக்கிக்கொண்டது நீதிமன்றம் வரை போன விஷயம். 2022-இல் மதுரைக் கிளை அப்படிப்பட்ட விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மலையிலிருந்து வரும் நீரில் முதல் உரிமை காட்டுக்கு, அடுத்தது குளத்துக்கும் வயலுக்கும். வாடகை அறையில் தங்கியவரின் வசதிக்காக அந்த வரிசை மாறக் கூடாது. விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அருவி இருக்கிறதா என்று கேட்கும் குடும்பம், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டால் நல்லது.

சரி, குளியல் இல்லையென்றால் அங்கே என்னதான் இருக்கிறது? இந்தக் கேள்வியே புதியது. ஞானசம்பந்தர் குற்றாலத்தையும் குறும்பலாவையும் பாடியவர். அவர் காலத்திலிருந்து இது மலையைப் பார்த்து நிற்கும் தலம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் வளத்தை வசந்தவல்லிக்கு எடுத்துச் சொல்லும் பகுதியைப் பள்ளியில் படிக்காதவர்கள் குறைவு. அருவியின் அலை வானம்வரை எழும்பிச் சூரியனின் குதிரைகளுக்கே கால் வழுக்குகிறதாம். நினைத்துப் பாருங்கள், அவ்வளவு நீர் எழும்பிய நாளில் அடியில் யாரும் நின்று குளித்திருக்க முடியாது. இன்றைய கணக்கில் அது ஆர்ச்சைத் தாண்டி விழுந்த நாள். கவிஞர் தள்ளி நின்று கண்ணாரப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார், தமிழுக்கு அது கிடைத்தது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்தார். 1954-இல் மறையும்வரை அவர் வீட்டுக்குக் கல்கியும் ராஜாஜியும் வந்திருக்கிறார்கள். கம்பன் பாட்டும் நல்ல சாப்பாடும் நீண்ட பேச்சுமாக அங்கே பொழுதுகள் கழிந்தன. சீசன் என்பது அவர்களுக்குச் சாரலில் தங்கியிருப்பது. அருவி அதில் ஒரு பகுதி.

இன்றைக்கும் தடை நாளில் செய்வதற்குக் குறைவில்லை. பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். சற்றுத் தள்ளிச் சித்திர சபை: நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, கல்லிலும் செம்பிலும் ஆடும் கூத்தர் இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். மூலிகை வண்ணங்களில் தீட்டிய அந்தச் சுவர்களை ஈரத் துண்டோடு அவசரமாகச் சுற்றி வருகிறவர்கள் பார்ப்பதே இல்லை, தடை நாள் அதற்கு நேரம் கொடுக்கிறது. கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த ஈரத்தை நம்பித்தான் ஜாதிக்காயும் கிராம்பும் இங்கே நட்டுப் பார்த்தது. அந்த மண்ணில் வேறெங்கோ வளரும் மரங்கள் காய்ப்பதற்கும் கணவாய்க் காற்றே காரணம். வண்டியைச் செங்கோட்டைக்குத் திருப்பினால் பிரானூர் பார்டர். பரோட்டாவுக்குப் பேர்போன அந்த இடத்துக்கு இன்னும் பார்டர் என்று பெயர் நிற்பது பழைய திருவிதாங்கூர் எல்லையை நினைவூட்டுகிறது. 1956 நவம்பரில்தான் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. அங்கிருந்து மேற்கே ஏறினால் ஆரியங்காவு. 1904-இல் ரயில் போட்டவர்கள் கணவாயைக் கடக்கக் கட்டிய பதின்மூன்று கண் பாலத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். சாரல் எந்த வாசல் வழியாக நுழைகிறதோ அந்த வாசலுக்குள்ளேயே வண்டி போகிறது. மேகம் சாலைக்கு இறங்கி முகப்பு விளக்கைப் போடச் சொல்லும் அந்த இடத்தில் பிள்ளைகளை இறக்கி நிற்க வைத்தால் தென்காசிக் கோபுரத்தில் தள்ளிய காற்று எங்கே கிளம்பியது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வெள்ள நாளில் ஓர் அருவியில் தடையென்று இன்னோர் அருவியைத் தேடி மலைக்கு மேலே ஓடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். மழை எல்லா அருவிக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது.

இதெல்லாம் விடுப்பும் வசதியும் உள்ளவர்களுக்குச் சரி, சனி ஞாயிறு மட்டும் கிடைக்கும் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்கலாம். நான் கூடுதல் நாள் கேட்கவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். வழக்கமான திட்டத்தில் அருவி முதலில், மற்றவை நேரம் இருந்தால். அதைத் திருப்பிப் போட்டால், சனி காலையில் கிளம்பிப் பகல் வெளிச்சத்தில் மலையோரச் சாலை, மதியம் தென்காசிக் கோயில், மாலையில் அருவிக்கரை. தண்ணீர் அளவாக இருந்தால் அன்றே குளியல், இல்லாவிட்டால் விலகி நின்று பார்ப்பது, பிறகு தூக்கம். ஞாயிறு விடியலில் கூட்டம் சேரும் முன் மறுபடியும் ஒரு வாய்ப்பு. தடை பல நேரம் சில மணி நேரத்தில் விலகிவிடும், அது அவசரப்படாதவருக்கே பயன்படும். ஒரே ஒரு காலைப்பொழுதை நம்பி வந்தவருக்கு மேலே ஒரு மேகம் உடைந்தாலே முழுப் பயணமும் கவிழ்ந்துபோகும்.

நிர்வாகத்துக்கும் இதில் பங்கு உண்டு. தடை அறிவிப்பு அருவிக்கரையில் கயிறாக நிற்பது போதாது. ராஜபாளையத்திலும் ஆலங்குளத்திலும் சாலையோரத்தில் அன்றைய நீர்நிலையைக் காட்டும் பலகை வைக்க முடியும். எந்த அருவி திறந்திருக்கிறது, மேலே மழை எப்படி, கீழே எந்தக் குளத்துக்குத் தண்ணீர் போகிறது என்று மூன்று வரி எழுதினால் வருகிறவர் அங்கேயே தன் நாளை மாற்றி அமைத்துக்கொள்வார். மலைமேல் மழைமானியும் நீரின் திடீர் ஏற்றத்தைக் கண்டு ஒலிக்கும் சைரனும் ஒவ்வொரு அருவிக்கும் வேண்டும். அவை இருந்தால் தேவையில்லாத நேரத்துத் தடையும் குறையும், 2024 மே மாதத்து வெள்ளம் போல் ஒன்று மறுபடி நேரும் அபாயமும் குறையும். பெண்கள் உடைமாற்றும் அறைகளைக் கூட்ட நாளின் கணக்குக்கு ஏற்பக் கட்ட வேண்டும். இவற்றில் எதற்கும் மலையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தத் தேவையில்லை.